வென்றவன் ஏறாத கூண்டு

"ஐயா, தோற்றவர்களைத் தூக்கிலிட்டார்கள், சரி. வென்றவர்களை யார் விசாரித்தார்கள்?"

ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி இது. இரண்டாம் உலகப்போர் பாடத்தை நடத்தி முடித்திருந்தேன். நூரம்பர்க்கில் நாஜித் தலைவர்களும், டோக்கியோவில் ஜப்பானியத் தளபதிகளும் தண்டிக்கப்பட்டனர் என்று கரும்பலகையில் எழுதிவிட்டுக் கையில் படிந்த சுண்ணத்தூளைத் தட்டிக்கொண்டிருந்தேன். கேள்வி எழுந்தது, மணியும் அடித்தது. "நாளை சொல்கிறேன்" என்று கூறித் தப்பினேன். ஆம், தப்பினேன் என்றுதான் சொல்லவேண்டும். கல்லூரியிலே பட்டம் பெற்றவன், வரலாறு கற்பிக்க ஊதியம் பெறுபவன், ஒரு சிறுவனின் நேரான கேள்விக்கு நேரான விடை இல்லாமல் மணியோசைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அன்றிரவு முதல் அந்த விடையைத் தேடிப் படித்தேன். படித்ததை, பகுத்தறிவை உரைகல்லாகக் கொண்ட தோழர்களாகிய உங்கள் முன் வைக்கிறேன். தவறிருந்தால் திருத்துங்கள், சரியென்று பட்டால், இதே கேள்வியை நீங்களும் நாலு பேரிடம் கேளுங்கள்.

முதலில் ஒரு நாளை நினைவில் நிறுத்துங்கள்: 1945 ஆகஸ்டு 8.

அதற்கு இரண்டு நாள் முன்பு, ஆகஸ்டு 6ஆம் நாள் காலை, ஹிரோஷிமா நகரின் மீது அணுகுண்டு வீழ்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 1,40,000 பேர் அந்நகரில் மாண்டனர். பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள், பால் கொடுத்துக்கொண்டிருந்த தாய்மார்கள், படுக்கையில் கிடந்த முதியோர். ஹிரோஷிமாவுக்கு மூன்று நாள் கழித்து, ஆகஸ்டு 9ஆம் நாள், நாகசாகி எரிந்தது. இந்த இரண்டு நெருப்புக்கும் நடுவே, ஆகஸ்டு 8ஆம் நாள், இலண்டன் மாநகரில் நான்கு வல்லரசுகள் மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரு பட்டயத்தில் ஒப்பமிட்டன. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு, சோவியத் ஒன்றியம் ஆகியவையே அந்நான்கு. ஐரோப்பியப் போர்க்குற்றவாளிகளை விசாரிக்க நூரம்பர்க் வழக்குமன்றத்தைப் பெற்றெடுத்த பட்டயம் அது.

அந்தப் பட்டயம் என்ன சொல்லிற்று? தேவையின்றி நகரங்களை அழிப்பது போர்க்குற்றம் என்றது. எத்துணை நல்ல சட்டம்! சட்டம் எழுதிய மையும் காயவில்லை; ஹிரோஷிமாவின் சாம்பலும் ஆறவில்லை; நாகசாகிக்கான குண்டும் ஆயத்தமாகிக்கொண்டிருந்தது.

போர் தொடுப்பதே பெருங்குற்றம் என்றும் அப்பட்டயம் சொல்லிற்று. நல்லது. அதில் ஒப்பமிட்ட சோவியத் ஒன்றியம் அதே நாளில் ஜப்பான் மீது போர் அறிவித்தது. 1941இல் ஜப்பானுடன் செய்துகொண்ட நடுநிலை உடன்படிக்கையின் ஐந்தாண்டுக் காலம் இன்னும் முடியாதிருக்கும்போதே அறிவித்தது. ஒரு கை சட்டம் எழுதிற்று. மறு கை உடன்படிக்கையைக் கிழித்தது. நாள் ஒன்று, நாடும் ஒன்று!

"எல்லோருக்குமான சட்டம்தானே, பிறகு அவர்களையும் விசாரித்திருப்பார்கள்" என்று கள்ளமற்ற உள்ளம் படைத்த ஒருவர் எண்ணக்கூடும். பட்டயத்தின் தலைப்பைப் படித்தால் அந்த எண்ணம் போய்விடும். 'ஐரோப்பிய அச்சு நாடுகளின்' பெருங்குற்றவாளிகளை விசாரிக்க என்று அங்கேயே எழுதியிருக்கிறது. குற்றம் எது என்று சொன்ன பட்டயம், குற்றவாளி எந்தப் பக்கத்தில் நிற்பான் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டது. நீதிபதிகளை ஏற்கமுடியாது என்று வாதாடும் உரிமை குற்றஞ்சாட்டப்பட்டோருக்கு இல்லை என்றும் சேர்த்துக்கொண்டது. பூட்டையும் அவர்களே செய்தார்கள், சாவியையும் அவர்களே வைத்துக்கொண்டார்கள்.

இது நமக்குப் புதிய செய்தியா? வென்றவன் தேவன், தோற்றவன் அசுரன் என்று ஏடெழுதிப் பழகிய நாட்டிலே பிறந்தவர்கள் நாம். மறைந்து நின்று அம்பெய்தாலும் வென்றவன் செயல் அறம். நேர்நின்று போரிட்டாலும் தோற்றவன் செயல் மறம் என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள். அந்தப் பழைய கதையை மறுத்துக் கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட நாம், அதே கதை கறுப்பு அங்கி அணிந்து வழக்குமன்றத்தில் வந்து நிற்கும்போது மட்டும் வாய்மூடி நிற்கலாமா?

தோழர்களே, இங்கே ஓர் ஐயத்தை அகற்றியாகவேண்டும். கூண்டில் நின்றவர்களுக்காகக் கண்ணீர் வடிப்பதற்காக இதை எழுதவில்லை. அவர்கள் கண்ணீருக்கு உரியவர்கள் அல்லர்.

நாங்கிங் நகரத்தை நினைத்துப் பாருங்கள். 1937 டிசம்பரில் ஜப்பானியப் படை அந்நகரில் நுழைந்தது. முதல் ஆறு வாரங்களில் அங்கும் அதன் சுற்றுப்புறத்திலும் கொல்லப்பட்ட பொதுமக்களும் போர்க்கைதிகளும் 2,00,000க்கு மேல் என்று டோக்கியோத் தீர்ப்பு கணக்கிட்டது. ஜெர்மனியும் இத்தாலியும் பிடித்து வைத்திருந்த பிரிட்டிஷ், அமெரிக்கப் போர்க்கைதிகளில் நூற்றுக்கு 4 பேர் இறந்தனர். ஜப்பான் பிடித்து வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு 27 பேர் இறந்தனர் என்பதும் அத்தீர்ப்பில் உள்ள கணக்கே. இந்தக் கொடுமைகளுக்குப் பொறுப்பானவர்கள் தண்டிக்கப்பட்டது தவறு என்று கூறுபவன் மனிதத்தின் பகைவன்.

ஆகவே, 'தண்டித்தது தவறா' என்பதன்று நம் கேள்வி. தண்டனை எங்கே நின்றுவிட்டது, ஏன் நின்றுவிட்டது, யார் வாயிற்படியில் நின்றுவிட்டது என்பதே கேள்வி.

டோக்கியோ வழக்கைப் பாருங்கள். 1946 சனவரி 19ஆம் நாள், ஜப்பானை ஆண்டுகொண்டிருந்த அமெரிக்கத் தளபதி மக்ஆர்தர் அறிக்கை ஒன்று விடுத்தார், வழக்குமன்றம் பிறந்தது. மே 3ஆம் நாள், பழைய போர் அமைச்சகத்தின் மண்டபத்திலே விசாரணை தொடங்கிற்று. கூண்டில் 28 பேர். மேடையில் பதினொரு நாட்டு நீதிபதிகள். பதினொன்றும் ஜப்பானோடு போரிட்ட தரப்பைச் சேர்ந்தவையே. நடுநிலை நாடு ஒன்றுகூட இல்லை. பிலிப்பைன்சு சார்பில் அமர்ந்த நீதிபதி, ஜப்பானியர் நடத்திய பத்தான் மரணநடையில் சிக்கி உயிர் பிழைத்தவர். அவர் பட்ட துன்பத்துக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் கேட்கிறோம்: அடிபட்டவன் சாட்சிக் கூண்டில் ஏறவேண்டியவன் அல்லவா? அவனை நீதிபதி நாற்காலியில் அமர்த்தினால், அவன் எவ்வளவு நேர்மையானவனாக இருந்தாலும், அந்தத் தீர்ப்பை உலகம் எப்படி நம்பும்?

கொரியாவை 35 ஆண்டு ஜப்பான் அடிமைப்படுத்தி வைத்திருந்தது. கொரியப் பெண்களைப் படைவீரரின் இச்சைக்கு இரையாக்கியது. அந்தக் கொரியாவுக்கு மேடையில் ஓர் இருக்கை இல்லை. அப்பெண்களுக்கு இழைத்த கொடுமை தனிக் குற்றச்சாட்டாக எழவும் இல்லை.

1948 நவம்பரில் தீர்ப்பு வந்தது. விசாரணைக் காலத்தில் இருவர் இறந்துபோயினர்; ஒருவர் மனநிலை பிறழ்ந்தவர் என்று விலக்கப்பட்டார். எஞ்சிய 25 பேரும் குற்றவாளிகளே என்று முடிவாயிற்று. டோஜோ உள்ளிட்ட எழுவர் டிசம்பர் 23ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர்.

தூக்குக் கயிறு ஏழு கழுத்துகளைக் கண்டது. காணாமல் விட்ட கழுத்துகள் எத்தனை என்று பார்ப்போம்.

யார் பெயரால் படைகள் புறப்பட்டனவோ, யார் பெயரால் போர் அறிவிக்கப்பட்டதோ, அந்தப் பேரரசர் ஹிரோஹிட்டோ கூண்டில் ஏறவில்லை. சாட்சியாகக்கூட அழைக்கப்படவில்லை. ஏன்? ஜப்பானை அமைதியாக ஆள அவர் தேவை என்று மக்ஆர்தர் கருதினார். தலைமைக் குற்றவாளி தப்பிவிட்டார் என்னும் பொருள்பட பிரான்சு நீதிபதி பெர்னார் தம் மாறுபட்ட கருத்தை எழுதி வைத்தார். எழுதியது ஏட்டில் கிடந்தது. பேரரசர் 1989 வரை அரியணையில் இருந்தார்.

ஹார்பின் நகருக்கு அருகே பிங்பாங் என்னும் இடத்தில் 731ஆம் பிரிவு என்ற பெயரில் கொடிய ஆய்வுக்கூடம் ஒன்றை ஜப்பானியப் படை நடத்திற்று. உயிரோடிருந்த மனிதர்களுக்குக் கொள்ளைநோய்க் கிருமியை ஏற்றினர், உயிரோடு அறுத்தனர், உறைபனியில் நிறுத்திக் கைகால் அழுகுவதைக் குறிப்பெடுத்தனர். அங்கே அடைபட்ட மனிதர்களை 'மரக்கட்டை' என்று அழைத்தனர். அக்கூடத்தின் தலைவன் இஷி என்னும் மருத்துவன். அவன் தூக்கிலிடப்பட்டானா? சிறையிலாவது அடைபட்டானா? இல்லை. தன் ஆய்வுக் குறிப்புகளை அமெரிக்கரிடம் ஒப்படைத்தான். விலையாக வழக்கிலிருந்து விடுதலை பெற்றான். 1959இல் இயற்கையாக இறந்தான். குற்றம் செய்தவனை விசாரிக்கவேண்டியவர்கள், குற்றத்தின் விளைச்சலை விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். திருட்டுப் பொருளை வாங்குபவனுக்கு நம்மூர்க் காவல் நிலையத்தில் என்ன பெயர் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இன்னும் ஒருவர் உண்டு. டோஜோவின் அமைச்சரவையில் அமைச்சராக இருந்து, 1941இல் போர் அறிவிப்பில் ஒப்பமிட்டவர் கிஷி நோபுசுகே. பெருங்குற்றவாளி என்ற ஐயத்தின்பேரில் சிறையில் வைக்கப்பட்டிருந்தார். டோஜோவைத் தூக்கிலிட்ட மறுநாளே, 1948 டிசம்பர் 24இல், வழக்கே இல்லாமல் விடுவிக்கப்பட்டார். 1957இல் ஜப்பானின் தலைமை அமைச்சரானார்! அதற்குள் அமெரிக்காவுக்குச் சோவியத் ஒன்றியம் பகையாகிவிட்டது. பழைய பகைவன் புதிய நண்பனாகத் தேவைப்பட்டான். டோக்கியோவில் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவர்களும் 1958க்குள் விடுதலை பெற்றுவிட்டனர்.

தோழர்களே, எண்ணிப் பாருங்கள். நீதியின் தராசு என்றார்களே, அதில் எடைக்கல்லாக இருந்தது குற்றத்தின் கனமா, வென்றவனின் தேவையா?

தோற்றவர்களிடையே தேர்ந்தெடுத்துத் தண்டித்த கதை இது. வென்றவர்களின் கணக்கு இனிமேல்தான் வருகிறது.

1945 மார்ச்சு 9ஆம் நாள் இரவு விடிவதற்குள், டோக்கியோவின் மர வீடுகள் மீது அமெரிக்க வானூர்திகள் தீக்குண்டுகளைப் பொழிந்தன. ஓரிரவில் ஏறத்தாழ 1,00,000 பேர் மாண்டனர். அந்தத் தாக்குதலை நடத்திய தளபதி லெமே, தாங்கள் தோற்றிருந்தால் தாங்களே போர்க்குற்றவாளிகளாக நின்றிருப்போம் என்று கூறியதாக, அவருக்குக் கீழ்ப் பணியாற்றிப் பின்னாளில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைச் செயலாளரான மக்னமாரா வெளியிட்டார். சுட்டவனே ஒப்புக்கொண்ட செய்தி. சட்டம் மட்டும் காதில் வாங்கவில்லை.

டோக்கியோ மன்றத்திலேயே இதைக் கேட்ட ஒருவர் உண்டு. அவர் ஜப்பானியர் அல்லர்; அமெரிக்கர். குற்றஞ்சாட்டப்பட்டோருக்காக வாதாட வந்த பிளேக்னி என்னும் வழக்கறிஞர், ஹிரோஷிமாவைத் திட்டமிட்டவர் யார் என்று எங்களுக்குத் தெரியும், அது கொலை இல்லையென்றால் இது மட்டும் எப்படிக் கொலை என்ற கருத்தில் 1946 மே திங்களில் வாதிட்டார். பகைவனுக்காகத் தன் நாட்டையே எதிர்த்துக் கேட்ட அந்த நெஞ்சுரத்தைப் பாராட்டுகிறோம். மன்றமோ அந்த வாதத்தைத் தள்ளிவிட்டு நடையைத் தொடர்ந்தது.

மேடையில் அமர்ந்த நாடுகளின் கைகளைப் பாருங்கள். ஹாலந்து நாட்டு நீதிபதி ஆக்கிரமிப்புக் குற்றத்தைப் பற்றிய சாட்சியங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதே வேளையில் ஹாலந்துப் படை, விடுதலை அறிவித்த இந்தோனேசியாவைத் திரும்பப் பிடிக்கப் போரிட்டுக்கொண்டிருந்தது. 1947 டிசம்பர் 9ஆம் நாள், ஜாவாவில் ரவகெடே என்னும் சிற்றூரில் ஆண்களை வரிசையாக நிறுத்திச் சுட்டது. ஊரார் கணக்கில் மாண்டவர் 431 பேர். பிரான்சு நாட்டு நீதிபதி அமர்ந்திருந்தார். 1946 நவம்பரில் பிரான்சின் போர்க்கப்பல்கள் வியட்நாமின் ஹைபாங் துறைமுகத்தைச் சுட்டுப் பொசுக்கின. ஆசியாவை ஜப்பான் அடிமைகொள்ள முயன்றது குற்றம் என்று, ஆசியாவை அடிமையாக வைத்திருந்தவர்கள் தீர்ப்பெழுதினார்கள்! நீதிபதிகள் தனிப்பட்ட முறையில் தீயவர்கள் என்று சொல்லவில்லை. ஹாலந்து நீதிபதி ரோலிங் மனச்சான்றோடு மாறுபட்ட தீர்ப்பெழுதியவர். மனிதர் நல்லவர்தாம், அவரை அங்கே அனுப்பிய அரசின் கை கறைபட்ட கை.

நூரம்பர்க்கிலும் இதே கதைதான். போலந்து அதிகாரிகளைக் காட்டின் காட்டில் கொன்று புதைத்தவர்கள் ஜெர்மானியர் என்று சோவியத் வழக்குரைஞர்கள் குற்றப்பத்திரிகையில் எழுதினார்கள். சாட்சியங்கள் குழறின. தீர்ப்பு அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் கடந்துபோயிற்று. 1990இல் மாஸ்கோ உண்மையை ஒப்புக்கொண்டது: கொன்றது சோவியத் உளவுப்படை. 1940 மார்ச்சு 5ஆம் நாள் ஸ்டாலினும் தோழர்களும் ஒப்பமிட்ட ஆணையின்படி கொல்லப்பட்ட போலந்து மக்கள் ஏறத்தாழ 22,000 பேர். கொலை செய்தவனே வழக்கும் தொடுத்து, நீதிபதி நாற்காலியிலும் பங்கு கேட்டுப் பெற்ற விந்தையை வேறெந்த மன்றத்தில் கண்டீர்கள்?

மாணவன் தன் விடைத்தாளைத் தானே திருத்திக்கொள்ள எந்தப் பள்ளியும் இடங்கொடுப்பதில்லை. அவன் நல்ல மாணவனாக இருந்தாலும் கொடுப்பதில்லை. உலகத்தின் உயிர்க்கணக்கை மட்டும் திருத்திக்கொள்ள விட்டுவிட்டோம்.

இந்த இடத்தில் ராதாபினோத் பால் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். டோக்கியோ மன்றத்தில் இந்தியாவின் சார்பில் அமர்ந்தவர். பதினொரு பேரில் அவர் ஒருவரே, கூண்டில் நின்ற அனைவரும் குற்றமற்றவர் என்று தீர்ப்பெழுதினார். ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட தீர்ப்பு அது. போர் தொடுப்பது குற்றம் என்ற சட்டம் போருக்குப் பின்னரே எழுதப்பட்டது. பின்னே எழுதிய சட்டத்தைக் கொண்டு முன்னே நடந்ததைத் தண்டிப்பது முறையன்று என்றார். வென்றவன் தோற்றவனைத் தண்டிப்பதற்குச் சட்டத்தின் ஆடையைப் போர்த்துவதால் அது நீதியாகிவிடாது என்றார். அணுகுண்டைப் பற்றியும் அஞ்சாமல் எழுதினார். அமெரிக்கப் படை ஜப்பானை ஆண்ட காலம் முடியும்வரை அத்தீர்ப்பு அங்கே அச்சேற முடியவில்லை. உண்மைக்கு எவ்வளவு அஞ்சினார்கள் பாருங்கள்!

பாலின் துணிவுக்கு வணக்கம். ஆனால் பகுத்தறிவாளன் யாரையும் பூசை செய்வதில்லை, பாலையும் செய்யமாட்டான். மேடை கறைபட்டது என்று அவர் சொன்னது முற்றிலும் சரி. மேடை கறைபட்டதால் கூண்டில் நின்றவர்கள் அனைவரும் தூயவர்கள் என்று முடித்தது சரியா? நாங்கிங்கில் நடந்த கொடுமைக்குச் சான்று வலுவாக உள்ளது என்று அவரே ஒப்புக்கொண்டார். அப்படியிருந்தும், அந்தக் கொடுமைக்கு மேலிருந்தவர்கள் பொறுப்பாளிகள் அல்லர் என்று விடுவித்தார். நீதிபதி தகுதியற்றவன் என்பதால் கொலையுண்டவன் உயிர்பெற்று எழுந்துவிடுவதில்லை.

விளைவு என்ன? டோக்கியோவில் யசுகுனி என்னும் கோயில் இருக்கிறது. டோக்கியோ மன்றம் தண்டித்தவர்களும், விசாரணைக் காலத்தில் இறந்தவர்களுமாக 14 பேரை 1978இல் அங்கே தெய்வங்களாக்கிச் சேர்த்தார்கள். 2005இல் அதே வளாகத்தில் பாலுக்கு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். ஆதிக்கத்தை எதிர்த்து எழுதிய பேனாவை, ஆதிக்கவாதிகள் தங்கள் கோயில் வாசலில் தோரணமாகக் கட்டிக்கொண்டார்கள். வென்றவன் குற்றத்தைக் காட்டித் தோற்றவன் குற்றத்தை மறைப்பதும் மோசடி; தோற்றவன் குற்றத்தைக் காட்டி வென்றவன் குற்றத்தை மறைப்பதும் மோசடி. இரண்டு மோசடிக்கும் நாம் எதிரிகள்.

நம்மை நோக்கிச் சிலர் கேட்பர்: "வழக்கே இல்லாமல் சுட்டுத் தள்ளியிருக்கலாமே, அதைவிட இது மேல் அல்லவா?" மேல்தான். நாஜித் தலைவர்களை விசாரணையின்றிச் சுட்டுவிடலாம் என்றே சர்ச்சில் முதலில் விரும்பினார். அதைவிட, வழக்கறிஞர் வைத்து வாதாட விட்டது மேல். நூரம்பர்க்கில் மூவர் விடுதலையும் பெற்றனர். நாஜிகளின் ஆவணங்களையே அவர்களுக்கு எதிரான சான்றாக்கி, இனி எவனும் மறுக்கமுடியாதபடி வரலாற்றில் பதித்ததும் பெரும்பயனே. மறுக்கவில்லை. ஆனால், பட்டினியைவிடக் கஞ்சி மேல் என்பதற்காகக் கஞ்சியைப் பொங்கல் என்று பெயர்சூட்டி விழா எடுக்கச் சொல்கிறார்களே, அதைத்தான் ஏற்கமாட்டோம் என்கிறோம்.

இன்னொரு வாதம்: "இவனும் திருடினான் என்று காட்டுவதால் அவன் திருடனில்லை என்று ஆகுமா?" ஆகாது. முழுக்க முழுக்க ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த இவன் நீதிபதி நாற்காலியில் இருந்து இறங்கி, அவனுக்குப் பக்கத்தில் வந்து நிற்கவேண்டுமா இல்லையா? அதற்கு மட்டும் விடை சொல்ல மறுக்கிறார்கள்.

"வேறு யார்தான் விசாரித்திருக்க முடியும்?" என்பது மூன்றாவது வாதம். சுவிட்சர்லாந்தும் சுவீடனும் உலகப் படத்தில் இல்லையா? அதுவும் வேண்டாம், தோற்ற நாட்டின் மக்களே விசாரிக்கமுடியாதா? முடியும் என்று காட்டினார் ஒருவர். பிரிட்ஸ் பவர் என்னும் ஜெர்மானிய வழக்குரைஞர், ஆஷ்விட்ஸ் கொலைக்களத்தில் பணியாற்றியவர்களை ஜெர்மானிய மன்றத்தில், ஜெர்மானியச் சட்டப்படி, ஜெர்மானிய நீதிபதிகள் முன் நிறுத்தினார். 1963 முதல் 1965 வரை பிராங்க்பர்ட்டில் நடந்த அந்த வழக்கைப் பகைவரின் பழிவாங்கல் என்று எவரும் தள்ளிவிட முடியவில்லை. பிள்ளைகள் தந்தையரைப் பார்த்து, "அன்று நீ எங்கே இருந்தாய்?" என்று கேட்கும் காலம் பிறந்தது. 1963 டிசம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றமும் ஓர் அரிய தீர்ப்பை வழங்கிற்று: ஹிரோஷிமா, நாகசாகி மீது குண்டு வீசியது பன்னாட்டுச் சட்டத்துக்கு மாறானது என்றது. ஆனால் வழக்குத் தொடுத்தவர்களுக்கு ஒரு காசும் இழப்பீடு கிடைக்கவில்லை. சட்டத்தின் வாய் திறந்தது. கை மட்டும் கட்டப்பட்டிருந்தது.

தமிழராகிய நமக்கும் இந்தக் கணக்கில் ஒரு வரி உண்டு. சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் இரயில் பாதை அது. 1943இல் முடிந்த அந்தப் பாதையில் 12,000க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் இறந்தனர். அவர்களைப்போல் பல மடங்கு ஆசியக் கூலிகள் இறந்தனர். அவர்களில் பெருந்தொகையினர் மலேயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர்கள். வேலை என்று சொல்லி ஏற்றினார்கள். வாந்திபேதியிலும் மலைக்காய்ச்சலிலும் காட்டிலே விட்டார்கள். போருக்குப் பின் சிங்கப்பூரில் பிரிட்டிஷார் வழக்குகள் நடத்தினர். இரயில் பாதை அதிகாரிகள் தண்டிக்கப்பட்டனர். ஆயினும் வழக்கின் நடுவில் நின்றவர் வெள்ளைப் போர்க்கைதி. தமிழ்க்கூலியின் சாவு ஓரத்திலே நின்றது. காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 போர்வீரர்களுக்கு வரிசை வரிசையாகக் கல்லறைகள். அது இருக்கவேண்டியதே. நம் கூலித் தமிழனோ பெயரும் கல்லும் இன்றி மண்ணோடு மண்ணானான். வென்றவன் நடத்தும் வழக்கில் வென்றவனின் பிணத்துக்கே முதல் மரியாதை. வென்றவனும் அல்லாத, தோற்றவனும் அல்லாத ஏழையின் பிணம் எண்ணிக்கையில்கூடச் சரியாக ஏறுவதில்லை. அதனால்தான் கேட்கிறோம்: நீதி என்பது வல்லரசுகள் தமக்குள் தீர்த்துக்கொள்ளும் பகையா, மாண்டவர் அனைவருக்கும் சேரவேண்டிய கடனா?

"அதெல்லாம் பழங்கதை" என்பாரும் உண்டு. பழங்கதையாக இருந்தால் மகிழ்வோம். மணிலாவில் ஜப்பானியத் தளபதி யமாஷிட்டாவை அமெரிக்கப் படைமன்றம் விசாரித்தது. தன் படை செய்த கொடுமைகளைத் தடுக்கத் தவறியதே அவர்மீது சாட்டிய குற்றம். 1946 பிப்ரவரியில் தூக்கிலிட்டார்கள். 1968 மார்ச்சு 16ஆம் நாள் வியட்நாமில் மைலாய் என்னும் ஊரில் அமெரிக்கப் படை நூற்றுக்கணக்கான முதியோரையும் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது. தண்டனை பெற்றவர் காலி என்னும் கீழ்நிலை அதிகாரி ஒருவரே. அவரும் வீட்டுக்காவலில் சில ஆண்டு இருந்து வெளியே வந்தார். யமாஷிட்டாவை அளந்த முழக்கோல் எங்கே போயிற்று? அமெரிக்கத் தளபதியை அளக்கும்போது அது ஏன் குட்டையாயிற்று?

1998இல் ரோமில் கூடி, எல்லா நாட்டுக்கும் பொதுவான பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்துக்கு உலகம் வித்திட்டது. 2002இல் அது செயலுக்கு வந்தது. அமெரிக்கா சேரவில்லை, ரஷ்யா சேரவில்லை, சீனா சேரவில்லை, இந்தியாவும் சேரவில்லை. சேராததோடு நிற்கவில்லை. அம்மன்றம் அமெரிக்கரைச் சிறைபிடித்தால் மீட்க எவ்வழியையும் கையாளலாம் என்று 2002லேயே அமெரிக்கா சட்டமியற்றிற்று. ரஷ்ய அதிபர் புதினுக்கு அம்மன்றம் 2023இல் பிடியாணை பிறப்பித்தபோது வாஷிங்டன் அதை வரவேற்றது. இஸ்ரேல் தலைமை அமைச்சர் நெதன்யாகுவுக்கு 2024இல் பிடியாணை பிறந்தபோது சீறிற்று; 2025இல் அம்மன்ற நீதிபதிகள் மீதே தடை விதித்தது. பகைவன் மீது வந்தால் நீதி. நண்பன் மீது வந்தால் அநீதி! 1945இல் எழுதிய பட்டயத்தின் தலைப்பு மாறவே இல்லை, தோழர்களே. எழுத்து மட்டுமே மாறியிருக்கிறது.

நூரம்பர்க்கில் அமெரிக்காவின் தலைமை வழக்குரைஞராக நின்ற ஜாக்சன், இந்தச் சட்டம் பயன்படவேண்டுமானால் இங்கே தீர்ப்பளிக்க அமர்ந்திருக்கும் நாடுகளையும் அது கட்டுப்படுத்தவேண்டும் என்று தொடக்க உரையிலேயே கூறினார். அதைவிடக் கூடுதலாக நாம் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் கொடுத்த வாக்கைத்தான் நினைவூட்டுகிறோம்.

நம் இலக்கியத்திலே ஒரு மன்னன் உண்டு. ஆராயாமல் ஒருவனைக் கொல்லச் சொன்னான். கொலையுண்டவனின் மனைவி ஒற்றைச் சிலம்போடு அவைக்கு வந்து அவன் தவற்றை மெய்ப்பித்தாள். படை அவனிடம் இருந்தது, காவலர் இருந்தனர், அவளோ தனியள். 'வெளியே தள்ளுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கள்வன் நானே என்று ஒப்பி, அரியணையிலேயே உயிர்விட்டான். நடந்ததா, புனைந்ததா என்ற ஆராய்ச்சி இருக்கட்டும். அரியணையும் கூண்டாகலாம் என்று எண்ணத் தெரிந்த நெஞ்சம் இம்மண்ணில் இருந்தது என்பது போதும். டோக்கியோ மேடையில் பதினொரு நாற்காலிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றிலிருந்தாவது, எங்கள் நாடும் குற்றவாளியே என்று ஓர் அரசு எழுந்து நின்றிருந்தால், அந்த மன்றத்தின் தீர்ப்பை இன்று யசுகுனிக் கூட்டத்தார் எள்ளி நகையாட முடிந்திருக்குமா?

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. கூண்டை இடிக்காதீர்கள், அகலமாக்குங்கள். தோற்ற கொடியவன் நின்ற இடத்தில் வென்ற கொடியவனும் நிற்கவேண்டும். தண்டனை பெற்றவனை விடுவிக்கச் சொல்லவில்லை. தப்பித்தவனை அழைத்துவரச் சொல்கிறோம். அதற்கு முதற்படி நம் கையிலேயே இருக்கிறது: உலக நீதி பேசும் இந்திய அரசை, அந்தப் பன்னாட்டு நீதிமன்றத்தில் சேரச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. பிறரை விசாரிக்கச் சொல்லும் எவரும் முதலில் தம்மை விசாரணைக்கு உட்படுத்தவேண்டும்.

அந்த மாணவனுக்கு மறுநாள் விடை சொன்னேன். "தம்பி, தண்டிக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் குற்றவாளிகளே. தண்டித்தவர்களிலும் குற்றவாளிகள் இருந்தார்கள். அவர்களை எவரும் விசாரிக்கவில்லை. தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் இரண்டையும் எழுது."

"இரண்டையும் எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா, ஐயா?" என்றான்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையின் இரண்டு பக்கத்தையும் எழுதுகிறவனுக்கு இந்த உலகம் இன்னும் மதிப்பெண் கொடுக்கத் தொடங்கவில்லை. தொடங்கவைக்கும் வேலை, தோழர்களே, உங்களுடையதும் என்னுடையதும்.